அக்காளின் கையில் கட்டிய கயிறு

போதைப்பொருளைச் சட்டப்படி அனுமதிக்கலாமா, கூடாதா என்று சிரம்பானில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். மேடையில் ஒரு வக்கீல், ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு கோயில் தலைவர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டேன். மூவரும் நன்றாகப் படித்தவர்கள். அதைத் தொட்டுப் பார்த்தவர் மூவரில் ஒருவரும் இல்லை. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன். ஒலிவாங்கியோடு வந்த பெண் என் சட்டையையும் பல்லையும் பார்த்துவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். அன்று சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அனுமதிக்க வேண்டும். இதுதான் என் பதில். மருந்தாக வேண்டும் என்பவனுக்கு மருந்தாகக் கொடுங்கள். இன்பத்துக்கு வேண்டும் என்பவனுக்கும், மளிகைக் கடையில் சம்சுச் சாராயம் விற்பதைப் போல, உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டி, வயது பார்த்துக் கொடுங்கள். எங்கள் தோட்டத்தில் சம்சு குடித்து ஈரல் வெந்து செத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் வீட்டுக்கும் போலீஸ் வந்ததில்லை. கடைக்காரர் மாலையோடு வந்தார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பார்கள். லாபுவில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்தது. கேமரன் மலையில் தக்காளிப் பறிப்பு, ஜொகூரில் அன்னாசிக் கொல்லை, அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் கிளிண்டான். ஓர் ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்கு உடம்பு அரிக்கும். கஞ்சாவை லோரியில் கற்றுக்கொண்டேன். வடக்கே கெடாவில், களைப்பை மறக்கடிக்கும் கெத்தும் இலையைக் காய்ச்சிக் குடித்து, இருபது டன் உரத்தை ஒரே பகலில் இறக்கினேன். அதே இலையை எல்லைக்கு அந்தப் பக்கம் கடையில் வைத்து விற்கிறார்கள். இந்தப் பக்கம் காய்ச்சி விற்றால் பிடிக்கிறார்கள். இலைக்கு எல்லை தெரியாது. கடைசியில் தோள்பட்டை இறங்கியபோது ஹெராயின் பவுடருக்குப் போனேன்.

பவுடர் நல்லது என்று எவனிடமும் சொல்லமாட்டேன். நாங்கள் மூன்று பேர் செம்பனைக் காட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். ஒருவனுக்கு உதடு நீலமானது. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் போலீசும் வரும் என்று மற்ற இருவரும் ஓடிவிட்டோம். அவன் செத்தது பவுடரால் என்று எழுதினார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் கால்கள்.

பிறகு பிடித்தார்கள். மறுவாழ்வு மையத்தில் அடைத்தார்கள். வெளியே விட்டு இரண்டு வருஷம் மேற்பார்வை என்றார்கள். மாதம் ஒரு முறை சிரம்பான் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கச் சின்னக் குவளையில் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு நிலையான விலாசம் கேட்டார்கள். என்னிடம் இல்லை. அக்காள் தன் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள்.

அக்காள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழத்தைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் கட்டியே முதுகு வளைந்தவள். பிறகு சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. நான் அவள் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இடது மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. இனி வெட்டுவதற்கு ஒன்றுமில்லை, வலியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, ஒரு போத்தல் மோர்ஃபின் திரவமும், அளக்க ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்திருந்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து மில்லி. இடையில் வலி முறித்துக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு முறை. சீட்டில் எல்லாம் எழுதியிருந்தது.

அவள் புருஷன், என் மச்சான், ஒரு காலத்தில் ஆட்களை மேய்த்த தோட்டத்து மண்டோர். இப்போது தோட்டத்து ஓரத்தில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்குத் தலைவர். மருந்துச் சீட்டில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லை அவர் போலீஸ் நிலையத்துச் சுவரொட்டியில் தூக்குக் கயிற்றின் படத்துக்குக் கீழே பார்த்திருக்கிறார். போத்தலைச் சாமி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஐந்து மில்லிக்குப் பதில் இரண்டு கொடுத்தார். அதிலும் தண்ணீர் கலந்தார்.

இரண்டு மில்லி எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டாம் மணியிலேயே அக்காளுக்கு வேர்க்கும். கடிகாரத்தைப் பார்ப்பாள். காலை நீட்டுவாள், மடக்குவாள். "இன்னும் நேரம் ஆவலியா?" என்பாள். இதையெல்லாம் மச்சான் கதவருகில் நின்று பார்த்தார். அவர் அறிந்த அடையாளங்கள் இவை. சம்சுவுக்குத் தவித்த நாட்களில் அவரே இப்படித்தான் இருந்தார்.

அவரை மீட்டது கயிறு. எங்கள் முனியாண்டி கோயிலில் குடியை விட நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை வருவார்கள். இத்தனை மாதத்துக்குத் தொடமாட்டேன் என்று சூடத்தின்மேல் சத்தியம் செய்வார்கள். பூசாரி மஞ்சள் தோய்த்த கயிற்றை மணிக்கட்டில் கட்டுவார். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் கெடுதல் பிள்ளைக்குப் போகும் என்பது நம்பிக்கை. மச்சான் ஒரு கயிற்றோடு குடியை விட்டவர், இருபது வருஷமாகத் தொடாதவர். நானும் மூன்று கயிறு கட்டியிருக்கிறேன். மூன்றையும் பல்லால் கடித்து அறுத்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட சிரம்பான் போயிருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தபோது அக்காள் துண்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, மருந்து குடிச்சியா?"

"விட்டுட்டேன்டா."

"என்னாத்த விட்டுட்ட?"

இடது கையைத் தூக்கிக் காட்டினாள். நோயில் வீங்கிய கை. மணிக்கட்டில் புதுக் கயிறு, சதைக்குள் பாதி புதைந்திருந்தது. காலையில் மச்சான் பூசாரியை வீட்டுக்கே அழைத்து வந்து கட்ட வைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத சிரிப்பு. ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்தச் சாமியிடம் கயிறு கட்டியவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

மச்சான் வாசலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அது மருந்து."

"நீ சொல்லாத. நீ சொன்னா எனக்கு இன்னும் பயமா இருக்கு."

"டாக்டர் எழுதினது லா."

"டாக்டருக்கு நம்ம வீடு தெரியுமா? உன்னப் பாத்த வீடு இது. சாவப் போற நேரத்துல என் பொஞ்சாதிக்குப் பவுடர் கேஸ்னு பேர் வரணுமா?"

"அவ போதைக்கா கேக்கறா? வலிக்குது, கேக்கறா."

"நீயும் அதத்தான் சொன்ன. தோள் வலிக்குதுன்னு."

அது உண்மை. அவர் விடவில்லை.

"சரி, போத்தல்ல எவ்ளோ மிச்சம் இருக்கு, சொல்லு பாப்போம்."

"முக்கால் போத்தல். லேபிள்ல இரண்டாவது வரி வரைக்கும்."

"பாத்தியா? கட்டின புருஷன் நான், எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுது."

அதுவும் உண்மை. அலமாரியை அவர் திறக்கும்போதெல்லாம் என் கண் அங்கே போனது. இதை மறைத்து எழுதினால் மேடையில் பேசிய மூவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் பார்த்த கண்தான் இன்னொன்றையும் பார்த்தது. போதைக்குத் தவிக்கிறவன் மருந்து கிடைத்ததும் உலகத்தை விட்டு எங்கோ போவான். அக்காள் அந்த இரண்டு மில்லி கிடைத்த அரை மணி நேரத்தில் அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டாள், கோழிக்குத் தீனி வைத்தாயா என்று என்னைத் திட்டினாள். மருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தது. இந்த வித்தியாசத்தைச் சுவரொட்டி சொல்லித் தருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே படத்தின் கீழ் போட்டுப் பயம் காட்டினால், பயந்தவர்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள். திருட்டுத்தனமாக விற்பவன் பயப்படுவதில்லை. என் மச்சானைப் போன்ற ஒழுங்கான ஆட்கள்தான் பயப்படுகிறார்கள்.

ஜொகூரில் இருக்கும் அக்காள் மகளுக்குப் போன் போட்டேன். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் அழுதுகொண்டே அம்மாவிடம் பேசினாள். அக்காள் அசையவில்லை. "வயித்துல இருக்கிறதுக்கு எதாவது ஆச்சுன்னா?" என்று ஒரே கேள்வி. டாக்டரே வந்து நின்றாலும் அவள் குடித்திருக்கமாட்டாள். கயிற்றை நான் வெட்டியிருக்கலாம், கத்தரிக்கோல் ஐந்தடி தூரத்தில் இருந்தது. வெட்டினால் கயிறு போகும், பேரப்பிள்ளைமேல் இருந்த பயம் போகாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. மச்சானின் மோட்டாரை எடுத்துக்கொண்டு சுங்கை காடுட் போனேன். பூசாரி வேலை நேரத்தில் பூசாரி இல்லை. ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் பிடித்தேன். மஞ்சள் பாதுகாப்புச் சட்டை, நெற்றியில் காலையில் பூசிய விபூதி, முன்னால் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு.

"வாங்க ஹீரோ. நாலாவது கயிறா?" என்றார்.

"எனக்கு இல்ல. அக்காவுக்கு அவுக்கணும்."

சாப்பிடுவதை நிறுத்தினார். "முனியாண்டி கயிறு லா தம்பி. ஒரு மண்டலம் சொல்லிக் கட்டியிருக்கு. நேத்துக் கட்டி இன்னிக்கு அவுக்கிறதா?"

"போன தீபாவளிக்கு எத்தன பேருக்கு அவுத்தீங்க?"

"அது வேற."

"எத்தன பேரு?"

அவர் பக்கத்து மேசையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பதினோரு பேரு. அது லீவு. சாமிகிட்ட மூணு நாள் லீவு கேட்டுக் குடுத்தேன். திருப்பிக் கட்டிட்டேன்ல?"

"கல்யாணத்துக்கு?"

"கல்யாணத்துக்கும் லீவு உண்டு."

"கால்பந்து இறுதி ஆட்டத்துக்குக்கூட ஒருத்தனுக்குக் குடுத்தீங்க. நானே பாத்தேன்."

"அவன் ரொம்ப அழுதான்பா."

"என் அக்காவும் அழுவுறா. அழ முடியாம துண்டக் கடிக்கிறா. பீர் குடிக்க லீவு குடுக்கிற சாமி, முதுகெலும்பு வலிக்கு லீவு குடுக்காதுன்னு நீங்க சொல்லுங்க, நான் போயிடறேன்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன். வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூசாரி கையைக் கழுவிவிட்டு வந்து, "தலைவர் சொல்லித்தானே கட்டினேன்? நோய் மருந்துன்னு அவர் சொல்லல. பழக்கம்னுதான் சொன்னாரு," என்றார். அவர் முகத்தில் குற்றவுணர்ச்சி இருந்ததா, மச்சானைப் பற்றிய பயமா என்று எனக்குத் தெரியவில்லை. "மூணு மணிக்கு ஷிப்ட் முடியும். அவங்களச் சாமி முன்னாடி கொண்டாந்திருங்க. அவங்களே கேக்கணும். அடுத்தவங்க கேட்டா லீவு கெடையாது."

லயத்திலிருந்து கோயிலுக்கு இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடிதான் கஷ்டம். அக்காளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நானும் பக்கத்து அறையில் குடியிருக்கும் இந்தோனேசியத் தொழிலாளியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். ஒவ்வோர் அடிக்கும் அவள் ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு எழுத்து தெரியாது. மச்சான் வாசலில் நின்று, "எங்கடா தூக்கிட்டுப் போற?" என்று கேட்டார். "லீவு கேக்க," என்றேன். அவர் பின்னால் வரவில்லை.

பூசாரி தொழிற்சாலைச் சட்டையைக் கழற்றாமலே வந்துவிட்டார். சூடம் ஏற்றினார். "கேளுங்கம்மா."

அக்காள் நீண்ட பிரார்த்தனை ஏதும் சொல்லவில்லை. "சாமி, தாங்க முடியல," என்றாள். அவ்வளவுதான்.

பூசாரி கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். ஒரே நாளில் கை இன்னும் வீங்கி, முடிச்சு சதைக்குள் போய்விட்டது. நகத்தால் கிளறக் கிளற அவள் துடித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தியை எடுத்தார். முனியாண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயிற்றுக்கடியில் கத்தி முனையை நுழைத்து அறுத்தார். அறுந்த இடத்தில் சதையில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

"எத்தன நாள் லீவு?" என்று அக்காள் கேட்டாள்.

"எவ்ளோ நாள் வேணுமோ அவ்ளோ நாள்," என்றார் பூசாரி. "பேரப்புள்ள நல்லா இருக்கும். நான் பொறுப்பு."

திரும்பிப் பார்த்தபோது மச்சான் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வெள்ளைக் கோட்டை. கையில் சாமி அலமாரிச் சாவி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் போத்தல். நான் கையை நீட்டினேன். தரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். குழாயில் இழுத்தார். பழக்கத்தில் இரண்டில் நிறுத்தினார். மறுபடி இழுத்தார். ஐந்து. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அக்காளின் வாயோரத்தில் வைத்து மெதுவாக அழுத்தினார்.

அந்த நேரத்தில் லயத்துப் பெண்கள் இருவர் பூப்பறிக்க வந்தார்கள். "என்னாண்ணே குடுக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

இருமல் மருந்து என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"மோர்ஃபின்," என்றார் மச்சான். "அரசாங்க ஆஸ்பத்திரியில குடுத்தது. சீட்டு வேணுமா, பாக்கறியா?"

அந்தப் பெண் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவளே தன் மாமியாரின் சீட்டை எடுத்துக்கொண்டு, இதை முழுசாகக் கொடுக்கலாமா என்று கேட்டு வந்தாள். இப்படி இந்த லயத்தில் எத்தனை போத்தல்கள் பூட்டிக் கிடந்தனவோ.

அக்காள் ஒன்பது வாரம் இருந்தாள். வலியே இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது. ஆனால் துண்டைக் கடிக்கவில்லை. பேத்தியைப் போனில் பார்த்தாள், மூக்கு சரியில்லை என்றாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மச்சானே அளந்து கொடுத்தார். போத்தலை நான் தொட அவர் கடைசிவரை விடவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. என்னை நம்பச் சொல்லி நான் வாதாடவில்லை. என்னைப் போன்றவனைப் பார்த்து எழுதிய சட்டம் என் அக்காளின் வாயைக் கட்டக் கூடாது என்பதுதான் என் வாதம். அந்தச் சட்டம் என்னையாவது காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. காட்டுக்குள் ஓட வைத்தது, அவ்வளவுதான்.

மச்சான் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கயிறு அறுந்த இரண்டாம் வாரம், அக்காளின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இதே சண்டை போட்டோம். பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் போய்க்கொண்டிருந்தது.

"மருந்து வேற, நீ கேக்கறது வேற," என்றார். "கஞ்சாவக் கடையில வெச்சா எல்லாப் பயலும் உன்ன மாதிரி ஆயிடுவான்."

"கடையில இல்லாதப்பதானே நான் இப்படி ஆனேன்?"

"வாய் மட்டும் குறையல."

"பூட்டி வெச்சு நீங்க யாரக் காப்பாத்துனீங்க, சொல்லுங்க. ஒரு ஆளச் சொல்லுங்க."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அக்காள் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினாள்.

"ரெண்டு பேரும் வெளிய போய்க் கத்துங்க," என்றாள். "எனக்குத் தூக்கம் வருது."

வெளியே போய், சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.